சுவரைப் பார்த்த பெட்டிகள்

"நாளைக்கு நாளைக்குன்னு நீங்க சொன்ன நாளையெல்லாம் சேர்த்து வெச்சா..."

"டீச்சரம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"...ஒரு பிள்ளை பொறந்து எந்திரிச்சு நடந்திருக்கும் மெக்கானிக். நான் என்ன புது டிவியா கேக்கறேன்? என் டிவியைத்தானே கேக்கறேன்?"

"ஓடுச்சும்மா. நேத்து சாயங்காலம் என் கையால போட்டு ஓட விட்டேன். படமும் வந்துச்சு, சத்தமும் வந்துச்சு. காலையில பார்த்தா..."

"காலையில பார்த்தா செத்துப் போச்சு. போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அதென்ன, உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் சாகுது? என் வீட்ல இத்தனை வருஷம் உயிரோடதானே இருந்துச்சு?"

அடுக்களையில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவிக்குக் கை நின்றுவிட்டது. நடுவில் ஒரு திரைதான். அந்தப் பக்கம் முன்னறை. அதுதான் கடை, அதுதான் பட்டறை. டீச்சர் ஊன்றுகோலைத் தரையில் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் இவள் நெஞ்சில் வந்து விழுந்தது.

"வேற யார்கிட்டயாவது கொடுத்திருக்கணும்," என்றாள் டீச்சர். "தெருவுக்குப் புதுசா வந்தவ, கேட்டேன். கைசுத்தமான ஆளு, சர்ச்சுல மூப்பர், பொய் சொல்ல மாட்டார்னு எல்லாரும் சொன்னாங்க. பொய் சொல்லலை சரி, வேலையும் நடக்கலையே?"

"இத்தனை வருஷத் தொழில்ல எனக்கு இப்படி ஒன்னு நடந்ததில்லம்மா. ஒரு இடத்துல ஈயம் வெச்சு ஒட்டினா அடுத்த நாள் இன்னொரு இடம் விட்டுப் போகுது. எனக்கே வெக்கமா இருக்கு."

"உங்க வெக்கத்தை வெச்சு நான் என்ன பண்றது? மத்தியானம் ஆனா சுவத்தைப் பார்த்துப் பேசிட்டு உக்காந்திருக்கேன். அந்தச் சீரியல்ல சின்ன மருமக மாடிப்படியிலேருந்து விழுந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லிட்டுப் போறா. அந்தச் சிறுக்கி விழறதைப் பார்க்கணும்னு எத்தனை மாசமா காத்திருந்தேன் தெரியுமா?"

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நாங்க பார்க்கறதில்ல."

"அதான் தப்பு. சமைப்பேன், ஆனா ருசி பார்க்க மாட்டேங்கிற ஆள்கிட்ட சட்டியைக் கொடுத்தது என் தப்பு."

திரையை விலக்கிக்கொண்டு மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். டீச்சரின் முகம் கொஞ்சம் இளகியது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏம்மா, உன் பொண்ணு எங்க இருக்குன்னு சொன்னே?"

"வெளியூர்ல டீச்சர். ஆபீஸ்ல வேலை."

"போன்லயாவது பேசுதா?"

"பேசுவா."

"கொடுத்து வெச்சவ நீ. எனக்கு இருக்கறது அந்தப் பெட்டி ஒன்னுதான். அதுவும் உங்க வீட்ல வந்து சுவத்தைப் பார்த்து நிக்குது."

டீச்சர் ஒரு படியில் காலை வைத்து, ஊன்றி, அடுத்த படியில் வைத்து இறங்கிப் போனாள். இடுப்பில் அறுவை செய்த உடம்பு. இறங்கி முடிக்கும் வரையில் மெக்கானிக் தலை குனிந்து நின்றார். அவர் மனைவி செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவரைப் பார்த்து நிற்கிறது என்று டீச்சர் சொன்னது மெய். அந்த முன்னறையில் பழுதுக்கு வந்த டிவிகள் எல்லாமே, தண்டனை வாங்கின பிள்ளைகளைப் போல, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்கும். அது அந்த வீட்டுச் சட்டம். டிவி பார்ப்பது பாவம் என்கிற சபை அவர்களுடையது. அதில் சேர்ந்த புதிதில் மெக்கானிக் பாஸ்டரிடம் போய்க் கேட்டார், இந்தத் தொழிலை விட்டுவிடட்டுமா என்று. பாஸ்டர் யோசித்துவிட்டு, "வைத்தியம் பாருங்க மூப்பரே, விருந்துக்கு உக்காராதீங்க," என்றார். அன்றிலிருந்து வைத்தியம் மட்டும்தான். டிவி பழுது பார்க்கிறவர்களுக்கு வேலை எப்படியும் பின்பக்கம்தானே. பின்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, படம் வருகிறதா என்று பார்க்க மட்டும் எதிரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். இவர் அந்தக் கண்ணாடியைச் சுவரில் சாய்ப்பார். படம் நேராக நிற்கிறதா, நிறம் ஒழுங்கா என்று பார்ப்பார். யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க மாட்டார். பார்த்த மறுநிமிஷம் கண்ணாடியைத் துணியில் சுற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

மகள் அந்த அறையில் வளர்ந்தவள். சபையில் பாடிக்கொண்டிருந்த பெண். குரல் நன்றாக இருக்கிறதென்று யாரோ விளம்பரத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். பேசப் போனவளை முகமும் நன்றாக இருக்கிறதென்று நடிக்கக் கூப்பிட்டார்கள். "பெட்டிக்குள்ள போறவ இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது," என்று அப்பா சொன்னார். அவள் போய்விட்டாள். பாடல் குழுவிலிருந்து அவள் நீக்கப்பட்டதைச் சபையில் எழுந்து அறிவித்தவரும் அவரேதான். மூப்பர் அல்லவா, அவர் முறை. அறிவித்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் யார் கேட்டாலும் ஆபீஸ் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. முதலில் சொன்னது யார் என்றுகூட இருவருக்கும் ஞாபகமில்லை.

மகள் எப்போதாவது, அப்பா வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, போன் செய்வாள். டீச்சரின் டிவி பழுதுக்கு வந்திருந்த புதிதில் ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, மத்தியானம் ஒரு சீரியல் வருது. நீ பார்க்கறியா?"

"நம்ம வீட்ல ஏதும்மா டிவி?" என்றாள் அம்மா.

சொல்லும்போது அவளைச் சுற்றி ஆறு டிவி நின்றுகொண்டிருந்தது.

அந்த ஆறில் ஐந்து எழுந்து நிற்க முடியாதவை. உதிரிப் பாகத்துக்காக வைத்திருந்தவை. ஓடக்கூடிய நிலையில் இருந்தது, பாதி வேலை முடிந்திருந்த டீச்சருடைய பெரிய டிவி ஒன்றுதான். போனை வைத்துவிட்டு அன்று மத்தியானம் கதவைச் சாத்தினாள். டிவியைத் திருப்பப் பார்த்தாள்; அசைக்க முடியவில்லை. ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்தாள்.

கண்ணாடிக்குள் மகள் வந்தாள். பட்டும் நகையுமாக, புருவத்தை ஒரு மாதிரி தூக்கிக்கொண்டு, வயதான மாமியாரைப் பார்த்து, "உங்க காலம் முடிஞ்சிடுச்சு அத்தே," என்றாள். தாய்க்கு உடம்பெல்லாம் கூசிற்று. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. மெலிந்திருக்கிறாளே. சாப்பிடுகிறாளோ இல்லையோ. அந்தச் சங்கிலி கழுத்தில் உறுத்தாதா, பழக்கமில்லாத பிள்ளைக்கு. அவளுக்கு இடது கன்னத்தில் மச்சம். கண்ணாடியில் அது வலது கன்னத்தில் இருந்தது.

சில நாள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் சின்ன மருமகள் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள், தொடரும் என்று போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் மெக்கானிக், "முடிஞ்சுது. காலையில கொண்டு போய்க் கொடுத்துடலாம்," என்றார்.

நடிப்புதான், தெரியாதா அவளுக்கு. ஆனாலும் விழுந்தது அவள் பிள்ளை. எழுந்தாளா என்று தெரிய வேண்டும். ஒரே ஒரு நாள்.

பொடி எழுத்தும் நுணுக்க ஒட்டும் அவருக்கு மங்கலான நாளிலிருந்து, சின்ன இடங்களில் ஈயம் வைத்துக் கொடுப்பது இவள்தான். எங்கே ஒட்டினால் ஓடும் என்று தெரிந்தவளுக்கு எங்கே விட்டால் நிற்கும் என்றும் தெரியும். மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலை வைத்து ஒரு முனையைக் கொஞ்சமாய் இளக்கி, ஈயத்தை வழித்துவிட்டாள். பார்வைக்கு ஒட்டினது போலவே இருக்கும், ஒட்டியிருக்காது. அவர் வெளிவேலைக்குப் போனதும் அந்த முனையைத் திரும்ப ஒட்டிக்கொண்டு சீரியலைப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் திரும்பப் பிரித்துவிட்டாள். ஒரு நாள் என்றது ஒரு வாரமாயிற்று. வாரம் போய் மாதமும் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அவர் பழுதைக் கண்டுபிடித்து ஒட்டுவார். அவள் வேறு இடம் பார்ப்பாள். டீச்சர் படியேறி வந்து சத்தம் போடும்போதெல்லாம் அவள் அடுக்களையில் ஏதாவது ஒன்றுக்கு நார் உரிப்பாள்.

டீச்சர் சத்தம் போட்டுவிட்டுப் போன அன்றைக்குச் சாப்பாட்டில் மெக்கானிக் கை வைக்கவேயில்லை.

"ஆறுது, சாப்பிடுங்க."

"இது பழுது இல்ல," என்றார் அவர்.

"என்னது?"

"பழுதா இருந்தா எனக்குத் தெரியாதா? ஜெபத்துல உக்காந்திருந்தப்போ தோணுச்சு. நான் ஒட்டறேன், ஆண்டவர் பிரிக்கிறார். எத்தனை தடவை ஒட்டினாலும் அத்தனை தடவையும் பிரிக்கிறார். போதும்டா, இந்தப் பெட்டியை விட்டு வெளியே வான்னு சொல்றார்."

அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். "ஈயம் மட்டமா இருக்கும். வேற கடையில வாங்கிப் பாருங்களேன்."

"ஈயத்துல ஒன்னும் இல்ல. எனக்குத்தான் காது கேக்கல இத்தனை நாளா. பொண்ணை எதுக்குள்ள போகாதன்னு தடுத்தேனோ, அதைத்தானே நான் தெருத்தெருவா உயிர் கொடுத்து அனுப்பிட்டிருக்கேன்? என்ன யோக்கியதை எனக்கு?"

"அதை விட்டா சோத்துக்கு என்ன பண்றது?"

"மிக்ஸி பார்க்கறேன். ஃபேன் பார்க்கறேன். அதுக்கெல்லாம் வாய் கிடையாது."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "ரசம் ஊத்தட்டுமா?" என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபைக்கு முன் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்தார். மேடையேறிப் பேசுகிற ஆள் இல்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, டீச்சருடைய டிவியின் கதையை ஒட்டு ஒட்டாகச் சொன்னார். "நான் ஒட்டினேன், அவர் பிரிச்சார்," என்றபோது குரல் உடைந்தது. சபை முழுவதும் ஆமென் என்றது. யாரோ விசும்பினார்கள். பக்கத்தில் இருந்த தையற்காரி இவள் கையைப் பிடித்து அழுத்தி, "அக்கா, எவ்வளவு பெரிய கிருபை உங்க வீட்டுக்கு," என்றாள். சூட்டுக்கோல் பிடித்த கை அது. இவள் அதை உருவிக்கொள்ளவும் முடியாமல், கொடுத்துக்கொண்டிருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்து வாசலில் பாஸ்டர் நிறுத்தினார். நிதானமான மனிதர்.

"மூப்பரே, பிழைப்பு விஷயம். அவசரப்படாதீங்க. கம்பி விட்டுப் போறதெல்லாம் ஆண்டவர் குரலான்னு எனக்குச் சொல்லத் தெரியல." பிறகு இவளைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? கூட இருந்து பார்க்கறவங்க நீங்க."

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இதற்கு மேல் யாரும் கதவைத் திறந்துவிட முடியாது. மெக்கானிக்கும் அவள் முகத்தைப் பார்த்தார், கண் இன்னும் சிவந்திருந்தது.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கடைப் பலகையைக் கழற்ற வேண்டும். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்புளியைக் கொடு."

கொடுத்தாள். ஒரு திருகாணி கழன்றது. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இந்தப் பலகையை என்ன பண்ணப் போறீங்க?"

"விறகுக்குப் போடு."

"பொண்ணு எழுதினது அது."

இரண்டாவது திருகாணி துருப்பிடித்திருந்தது. அவர் முனகிக்கொண்டு திருப்பினார்.

"என்னங்க."

"ம்."

"ஆண்டவர் பிரிக்கல."

"என்ன?"

"நான்தான் பிரிச்சேன். மத்தியானத்துல அந்தச் சீரியல் வருது. நம்ம பொண்ணு அதுல நடிக்கறா. நீங்க டிவியைக் கொடுத்துட்டா பார்க்க முடியாதுன்னு... முதல் தடவை ஒரே ஒரு நாளுக்குத்தான் பண்ணினேன்."

கீழே நின்றவளுக்கு அவருடைய பாதம் மட்டும்தான் தெரிந்தது. கட்டைவிரல் ஸ்டூலை அழுத்திக்கொண்டிருந்தது.

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

"நேத்து சபையில நான் அழுதேனே. அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பாஸ்டர் கேட்டாரே உன்னை. வாயில என்ன வெச்சிருந்த?"

"உங்க முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியல."

அவர் இறங்கினார். உள்ளே போய் டீச்சரின் டிவிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவள் பின்னாலேயே போய் நின்றாள். அடிப்பார் என்று பயமில்லை, அவர் அடிக்கிறவர் அல்ல. பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் பயம்.

"சபையில யார்கிட்டயும் சொல்லாத," என்றார் கடைசியில்.

"என்னங்க?"

"ஆண்டவர் உன் கையையும் உபயோகப்படுத்தலாம் இல்லையா? நீ பண்ணினது தப்பு. ஆனா அதை வெச்சே அவர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கலாம். அப்போ என் சாட்சி பொய்யாகாது."

தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை. ஐந்து ரூபாய்ப் பொருளுக்குக்கூடக் கூடுதல் வாங்காத மனிதர் இப்படிச் சுற்றி வளைத்து ஒரு சந்து தேடுகிறார். அதை வெட்டிக் கொடுத்தது தன் கைதான்.

"என் கையை உபயோகப்படுத்தறவர் உங்க பொண்ணு முகத்தை உபயோகப்படுத்த மாட்டாரா?" என்றாள்.

"அந்தப் பேச்சு வேண்டாம். உலகம் வேற, நாம வேற."

"எது உலகம்? டீச்சர் உலகமா? பாவம், பேச ஆளில்லாம சுவத்தோட பேசுது. அவங்க பெட்டியைத் திருடி வெச்சிக்கிட்டு நான் சபையில உக்காந்து பாட்டுப் பாடினேன். இதுல உலகம் யாரு, நாம யாரு, நீங்களே சொல்லுங்க."

"நான் என்ன பொண்ணைப் பார்க்க ஆசையில்லாதவனா?"

"அதை அவகிட்ட சொன்னீங்களா?"

அவர் கண்ணாடியைத் துணியிலிருந்து எடுத்து, திரும்பச் சுற்றி, திரும்ப எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"எங்க எங்க விட்ட?" என்றார்.

காட்டினாள். இருவரும் ஒரே போர்டின் மேல் குனிந்தார்கள். அவர் விளக்கைப் பிடித்தார், அவள் ஒட்டினாள். ஈயப் புகை கண்ணை எரித்தது. ஒவ்வொரு முனையாக அவள் விரலை வைத்து ஆட்டிக் காட்டினாள், எதுவும் அசையவில்லை.

மத்தியானம் டிவியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கம்பளி போர்த்தி, டீச்சர் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு திருகாணியில் கடைப் பலகை கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் எதிரே வந்த தையற்காரி, "என்ன மூப்பரே, கடைசி டிவியா?" என்று பக்தியோடு கேட்டாள். அவர் சிரித்த மாதிரி செய்தார்.

டீச்சர் கதவைத் திறந்ததும், "வந்துட்டானா என் ராசா," என்றாள் டிவியைப் பார்த்து. ஒரே நாற்காலி போட்ட அறை. அதற்கு எதிரில் காலியான மேஜை, மேஜைமேல் தூசியில்லாமல் துடைத்து, ஒரு பூவேலை விரிப்புகூட விரித்திருந்தாள். தினம் துடைத்திருப்பாள் போல.

"கடைசியில என்னதான் ஆச்சு மெக்கானிக் அதுக்கு?"

அவர் வயரைச் செருகிக்கொண்டே, தலை நிமிராமல், "பார்ட் மட்டம் டீச்சரம்மா. மாத்தியாச்சு," என்றார்.

மகளுக்கு ஆபீஸ் வேலை என்று சொல்வதை விட்டால், கல்யாணமான நாளாக அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பொய். தனக்காகச் சொன்ன பொய். அவர் காதுமடல் சிவந்துவிட்டதை அவள் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றிற்று.

"எவ்வளவு ஆச்சு?"

"ஒன்னும் வேண்டாம்மா."

"அதெப்படி? உழைச்சிருக்கீங்களே. ஏம்மா, நீயும் உக்காரு. உக்காராமப் போனா எப்படி? ஓடுதான்னு பார்த்துட்டுப் போங்க. நேரமும் சரியா இருக்கு." டீச்சர் அவளைத் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

படம் வந்தது. மெக்கானிக் பழக்கதோஷத்தில் டிவிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார், கையில் கண்ணாடி இல்லாமல்.

மகள் வந்தாள். விழுந்து எழுந்த கட்டு நெற்றியில் இருந்தது. தாய் அவளைத் திரையில் முதன்முதலாக நேராகப் பார்த்தாள். மச்சம் இடது கன்னத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இத்தனை நாள் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அது இடம் மாறிவிட்ட மாதிரி ஒரு கணம் இருந்தது. தன் பிள்ளையின் முகமே தனக்குத் தப்பாகத் தெரிந்துவிட்டதே என்று கூசிப்போனாள்.

மகள் கிழவியின் மருந்துப் புட்டியை எடுத்தாள். மெல்லத் திருகி, தொட்டியில் ஊற்றினாள். "நாளைக்கு நீங்க இருந்தாத்தானே அத்தே மருந்து," என்றாள்.

அந்தக் குரல் கேட்டதும் பின்னால் நின்றவர் டிவியின் மேல் ஒரு கையை வைத்தார். பழுது பார்க்கிறவர் வைக்கிற மாதிரி இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையில் வைக்கிற மாதிரி வைத்தார்.

"பாரு, பாரு அவளை," என்றாள் டீச்சர், கோலால் திரையைக் காட்டி. பல நாள் கழித்துப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவள் குரலில் இருந்தது. "கட்டுப் போட்டும் கொழுப்பு அடங்கல. வயசானவ மருந்தைக் கொட்டறாளே, இவ கையில புழு வைக்க. வீட்ல சொல்லி வளர்க்க ஆளில்லாதது. இவளை எந்தத் தாய்தான் பெத்தாளோ?"

டிவிக்கு மேலாக மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. முந்தானை முடிச்சில் இருந்த திருகாணி அவள் உள்ளங்கையில் குத்திற்று.

"நான்தான் டீச்சர் பெத்தேன். இவளைப் பார்க்கத்தான் உங்க டிவியைத் திருப்பித் தராம வெச்சிருந்தேன்."